பதினோரு பவுன்

காலை ஒன்பதே கால். ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது.
முதலாளி பத்தி கொளுத்தும் முன்
நகைத் தராசில் டிபன் டப்பாவை வைத்து
பூஜ்யமாக்கி
வட்டியை அதற்குள் இறக்குகிறேன்.

வட்டி என்பது அவள் பெயர்.
வில்லாபுரம் ஜெபராஜ் மனைவியின் தோட்டை மீட்க வந்தவன்
வட்டியில் குறைந்த எழுநூறுக்குக்
கூண்டை வைத்துவிட்டுப் போனான்,
சாயங்காலம் வருகிறேன் என்று.
ஆறு வருடம் ஆகிறது அந்தச் சாயங்காலம்.
"இது கிளியாப்பா?" என்றார் முதலாளி.
பச்சை இல்லை, சிவந்த மூக்கில்லை.
சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை,
கன்னத்தில் யாரோ அப்பிவிட்ட செந்தூரம்.
காக்டெயில் என்கிறார்கள்.
பேரேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தையில் தொண்ணூற்றாறு கிராம். பன்னிரண்டு பவுன்.
போன திங்கட்கிழமை எண்பத்தெட்டு.
ஒரு பவுன் எங்கே போகும்?
நகையென்றால் கேட்டிருப்பேன்,
உரசினாயா, உருக்கினாயா,
யார் கை பட்டது என்று.

என் கைதான்.

தினமும் கணக்கு முடித்து வந்ததும்
ஒரு பிடி சூரியகாந்தி விதை.
அவள் தோலுடைக்கும் சத்தம் கேட்டால்தான்
எனக்குச் சோறு இறங்கும்.

கே.கே. நகர் டாக்டர் ஃபர்ஸானா
அலகைப் பிடித்துப் பார்த்தார். வளர்ந்து வளைந்திருந்தது.
கூண்டுத் தாளைப் பார்த்தார். எச்சத்தில்
வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள்.
"விதை மட்டுமா?"
"அதுதான் நல்லா சாப்பிடுவா."
பேனா கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றது.
ரத்தம் எடுத்தால் தெரியும், எடுக்கிற தெம்பு முதலில் வரட்டும்,
ஈரலாக இருக்கலாம் என்றார்.
ஆட்டோவில் திரும்பும்போது
முதல் சொல்லைக் கழித்துவிட்டு
மற்றதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாடிவீட்டு சுகிர்தா கீழாநெல்லி ஒரு கொத்து கொண்டுவந்தாள்.
அவள் தம்பிக்கு அதில்தான் காமாலை இறங்கியதாம்.
டாக்டரைக் கேட்காமல் கொடுக்க பயம்.
தூக்கிப் போடவும் மனசில்லை.
தம்ளர் தண்ணீரில் நிற்கிறது, சாமிப்படத்துக்குப் பக்கத்தில்.

அக்னி நட்சத்திரம்.
ராத்திரி பதினொன்றுக்கும் சுவர் கொதிக்கிறது,
தெருவே மொட்டைமாடிக்குப் போய்விட்டது.
இங்கே துணி சுற்றிய அட்டைப்பெட்டியில்
நாற்பது வாட் பல்பெரிய
இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.
மதுரையில், மே மாதத்தில்,
ஓர் உயிருக்குக் குளிர்கிறது.
ஃபேனை நிறுத்திவிட்டேன்.

வேகவைத்த பாசிப்பயறு, துருவிய கேரட், முருங்கைக்கீரை.
கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள்.
விதை டப்பாவை அலமாரி உச்சியில் ஒளித்தேன்,
அங்கேயே பார்க்கிறாள்.
நானும் பார்க்கிறேன். ரெண்டே ரெண்டு கொடுத்தால் என்ன?
கொடுக்கவில்லை.
ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து இரண்டு சொட்டு.
ஒன்று உள்ளே, ஒன்று என் சட்டையில்.
விரலைக் கடித்தாள், ரத்தம் வந்தது.
போன வாரம் கடிக்கக்கூட இல்லை.
கடிடீ.

இன்றைக்கு ஜெபராஜ் வந்து நின்றால்
எழுநூறை எண்ணி வைத்தால்
என்ன சொல்வேன்?
அடகு வாங்கினால் வாங்கிய எடைக்குத் திருப்பித் தரவேண்டும்,
இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே நியாயம்.
வரமாட்டான். வந்தாலும்
ரசீது கேட்பேன். ரசீது போடவேயில்லை.

தராசு துடித்து நிற்கிறது.
எண்பத்தெட்டு புள்ளி ஐந்து.
அரை கிராம். ஒரு மூக்குத்தி.
தோளுக்குப் பின்னாலிருந்து முதலாளி
"அவ கண்ணாடியத் தட்டியிருப்பா, இன்னொரு தடவ போடு" என்கிறார்.
போடுகிறேன்.
எண் நிற்பதற்குள் அவளே
தராசின் பீப் சத்தத்தைக் கரகரப்பாக ஒருதரம் அடிக்கிறாள்,
முடிந்தது, எடு என்பதுபோல.

படியில் செருப்புச் சத்தம்.
கையில் சங்கிலியோடு யாரோ.
டப்பாவைத் துடைத்துத் தராசை மறுபடி
பூஜ்யமாக்குகிறேன்.